ஃபோம் உதிர்ந்த ஸ்பீக்கரை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

பாட்டில் பேஸ் வரும் இடத்திலெல்லாம் பொடபொடவென்று ஒரு சத்தம். ஒலியைக் குறைத்தால் அடங்குகிறது, கூட்டினால் திரும்ப வருகிறது. முன்பக்க வலையைக் கழற்றிப் பார்த்தால், கோன் எனும் கூம்பைச் சுற்றியிருந்த கறுப்பு ஃபோம் பாதி உதிர்ந்து தொங்குகிறது. 1990-களிலும் அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலும் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஊருக்கு வந்த மியூசிக் சிஸ்டங்கள் பலவற்றின் இன்றைய நிலை இதுதான். "ஸ்பீக்கர் போச்சு" என்று பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறார்கள்.

தயவுசெய்து போடாதீர்கள். போனது ஃபோம் மட்டும்தான். காந்தம், காயில், கோன், ஃபிரேம் எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஃபோம் வளையத்தை மாற்ற விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் பொறுமை இருந்தால் போதும். இந்த வேலையின் நுட்பம் முழுவதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: காயில், காந்தத்தின் இடுக்கில் நட்டநடுவில் நிற்க வேண்டும். அது அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒட்டு வேலை.

8 அங்குல வூஃபர் (பேஸ் ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) ஒன்றை மனதில் வைத்து எழுதுகிறேன். 5 அங்குலமானாலும் 12 அங்குலமானாலும் முறை மாறாது.

உள்ளே என்ன இருக்கிறது

இன்று நாம் கேட்கும் ஸ்பீக்கரின் அடிப்படை அமைப்பை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925-இல் வெளியிட்டார்கள். நூறு ஆண்டுகள் ஆகியும் அது பெரிதாக மாறவில்லை. பின்னால் வட்டக் காந்தம். அதன் நடுவே ஒரு இரும்புத் தண்டு. தண்டுக்கும் அதைச் சுற்றியுள்ள இரும்புத் தட்டுக்கும் இடையே மிகக் குறுகலான ஒரு வட்ட இடுக்கு. அந்த இடுக்குக்குள் எதையும் தொடாமல் தொங்கும் ஒயர்ச் சுருள்தான் வாய்ஸ் காயில். காயிலின் மேல்முனை கோனோடு ஒட்டியிருக்கும். ஆம்பிளிஃபயரிலிருந்து மின்சாரம் வந்ததும் காயில் முன்னும் பின்னும் ஓடும், கோனும் கூடவே ஓடும், காற்று அதிரும்.

காயிலுக்கு இரு பக்கமும் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அவ்வளவு குறுகிய இடத்தில் காயிலை நேராக நிறுத்த இரண்டு பிடிமானங்கள் இருக்கின்றன. கீழே, மஞ்சள் நிறத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும் துணி வட்டம் ஒன்று. அதை ஸ்பைடர் என்பார்கள். மேலே, கோனின் விளிம்பைச் சுற்றி ஓடும் வளையம் மற்றொன்று. மேல் பிடிமானம் உதிர்ந்துவிட்டால் கோன் ஒரு பக்கமாகச் சாயும், காயில் இரும்பில் உரசும். நமக்குக் கேட்கும் கரகரப்பு அதுதான்.

மேல் வளையம் எல்லா ஸ்பீக்கரிலும் ஃபோம் அல்ல. மேடை நிகழ்ச்சிகளில் வைக்கும் பெரிய ஸ்பீக்கர்களில் மடித்த துணி இருக்கும், அது எளிதில் கெடாது. சிலவற்றில் ரப்பர், அதுவும் நெடுநாள் வரும். வீட்டு ஸ்பீக்கரில் ஃபோம் இவ்வளவு பரவியதற்குக் காரணம் உண்டு. 1954-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எட்கர் வில்ச்சர் காற்றுப் புகாத சிறு பெட்டியில் ஆழமான பேஸ் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட பெட்டியில் கோன் நிறைய தூரம் ஓட வேண்டும், அதனால் விளிம்பு இளக்கமாக இருக்க வேண்டும். எடை குறைவாகவும் விலை மலிவாகவும் அந்த இளக்கத்தைத் தரும் பொருளாகப் பின்னாளில் பாலியூரித்தேன் ஃபோம் நிலைத்தது.

ஆனால் பாலியூரித்தேனுக்கு ஈரக்காற்று எதிரி. காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் இன்னும் வேகம். 15 முதல் 20 ஆண்டுகளில் ஃபோம் பிசுபிசுத்து, தொட்டால் ஊறிய பிஸ்கட் போல உதிரும். கடலோர ஊர்களில் அதற்கு முன்பேகூட நடக்கும். பாட்டே போடாமல் பத்திரமாக மூடி வைத்திருந்தாலும் இதே கதிதான். "அதிகம் கேட்டதால் கெட்டுப்போச்சு" என்று வீட்டில் யாரையும் திட்டத் தேவையில்லை.

முதலில், கெட்டது எது என்று பாருங்கள்

ஃபோம் வாங்க ஓடுவதற்கு முன் காயில் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். காயில் எரிந்த ஸ்பீக்கருக்குப் புது ஃபோம் போட்டுப் பயனில்லை.

வூஃபரைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். வழக்கமாக நான்கு முதல் எட்டு திருகுகள் இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஸ்க்ரூடிரைவர் காந்தத்துக்கு அருகே போனதும் சடாரென்று இழுக்கப்படும். கை வழுக்கினால் நேராகக் கோனில் குத்தும். ஒரு கையால் திருகின் தலையை மறைத்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் திருகுங்கள். பின்னால் வரும் இரண்டு ஒயர்களில் எது பிளஸ் என்று குறித்துக்கொண்டு, ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் குறைந்த ரேஞ்சில் வைத்து, ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் தொடுங்கள். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் மீட்டரில் ஏறக்குறைய 5.5 முதல் 7.5 வரை காட்டும். 6 ஓம் ஸ்பீக்கர் 4 முதல் 5.5 வரை, 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.8 வரை. எழுதியிருப்பதைவிட மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே என்று பயப்படாதீர்கள். மீட்டர் அளப்பது டி.சி. தடை, ஸ்பீக்கரில் எழுதியிருப்பது ஏ.சி.-க்கான மதிப்பு. மலிவான மீட்டர்களில் ஒயருக்கென்றே 0.3, 0.4 ஓம் காட்டும். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் எரிந்திருக்கலாம். ஆனால் உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் இரண்டையும் மெதுவாக ஆட்டிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். அளவு வந்து வந்து போனால் காயில் நன்றாக இருக்கிறது, ஒயர்தான் அறுந்திருக்கிறது. அதைச் சரிசெய்வது இன்னும் எளிது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்து உரசல். வூஃபரை மேசையில் காந்தம் கீழே இருக்கும்படி வைத்து, இரண்டு கை விரல்களையும் கோனின் நடுமூடியைச் சுற்றிச் சமமாக வைத்து மெல்ல அழுத்தி விடுங்கள். காதை அருகில் வைத்துக் கேளுங்கள். சரசரவென்று மணல் உரசுவது போன்ற சத்தம் வந்தால் காயில் இரும்பைத் தொடுகிறது என்று பொருள். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மேல் ஃபோம் போயிருக்கும்போது கோன் சாய்ந்துதான் இருக்கும், உரசத்தான் செய்யும். கோனின் விளிம்பை விரல்களால் தாங்கி, ஃபிரேமுக்கும் கோனுக்கும் இடையே சுற்றிலும் ஒரே இடைவெளி வருமாறு நிறுத்திவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள். அப்போது சத்தமில்லாமல் வழுக்கினால் காயிலில் கோளாறு இல்லை. எப்படி நிறுத்தினாலும் உரசுகிறது என்றால் காயில் சூட்டில் நெளிந்திருக்கலாம், அல்லது கீழே விழுந்த அதிர்ச்சியில் காந்தமே நகர்ந்திருக்கலாம். காந்தம் நகர்ந்த ஸ்பீக்கரை வீட்டில் சரிசெய்ய முயற்சிக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரி. பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் வைத்து, மைனஸை மைனஸில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்ற சத்தத்தோடு கோன் முன்னால் வர வேண்டும். ஜேபிஎல்லின் பழைய ஸ்பீக்கர்களில் இது தலைகீழாக இருக்கும், அது கோளாறு அல்ல. 9 வோல்ட் பேட்டரியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

காயில் எரிந்திருந்தால் இன்னொன்றையும் பார்த்தே ஆக வேண்டும். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, வால்யூமை முழுக்கக் குறைத்து, ஆம்பிளிஃபயரை ஆன் செய்து, ஸ்பீக்கர் முனைகள் இரண்டுக்கும் இடையே டி.சி. வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் ஆம்பிளிஃபயரில்தான் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் புது ஸ்பீக்கர் மாட்டினால் அதுவும் எரியும். அளக்கும்போது மீட்டர் முனைகள் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியான ஃபோம் வாங்குவது

"எட்டு இன்ச் ஃபோம் குடுங்க" என்று கேட்டு வாங்கினால் பாதி நேரம் பொருந்தாது. 8 அங்குலம் என்பது ஃபிரேமின் பொதுவான அளவு, கோனின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான்கு அளவுகளை மில்லிமீட்டரில் எடுங்கள்: கோனின் வெளிவிட்டம், ஃபிரேமில் ஃபோம் ஒட்டும் தட்டையான பகுதியின் வெளிவிட்டம், ஃபோமின் அரைவட்ட மேடு தொடங்கும் இடத்தின் விட்டம், அது முடியும் இடத்தின் விட்டம். பழைய ஃபோம் முழுக்க உதிர்ந்திருந்தாலும் ஃபிரேமிலும் கோனிலும் பழைய பசையின் தடம் இருக்கும், அதை வைத்து அளக்கலாம்.

மேடு மிகவும் முக்கியம். கோனின் விளிம்புக்கும் ஃபிரேமுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில்தான் அது சரியாக உட்கார வேண்டும். கோனின் மேலேயோ ஃபிரேமின் மேலேயோ மேடு ஏறி நின்றால் கோன் முழுத் தூரம் ஓடாது. உள்விளிம்பு தட்டையாக இருக்கிறதா, கோனின் சரிவுக்கு ஏற்றபடி சாய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு போன்ற இடங்களில் ஸ்பீக்கர் உதிரிபாகங்களைத் தேடலாம். இணையத்திலும் அளவு போட்டு விற்கிறார்கள். பழைய வூஃபரையே கையில் எடுத்துக்கொண்டு போனால் குழப்பமே இல்லை. ரப்பர் வளையம் நெடுநாள் உழைக்குமே, அதைப் போடலாமே என்று தோன்றும். நான் பரிந்துரைக்க மாட்டேன். ரப்பர் எடை கூட, விறைப்பும் வேறு. ஃபோமை நினைத்து வடிவமைத்த வூஃபரின் பேஸ் மாறிவிடும்.

பசை எது

காகிதக் கோனுக்கு வெள்ளைப் பசைதான் என் தேர்வு. தச்சர்கள் பயன்படுத்தும் ஃபெவிகாலும் அந்த வகைதான், கொஞ்சம் இளக்கமாகக் காயும் துணிப் பசை கிடைத்தால் இன்னும் நல்லது. இது மெதுவாகக் காய்வதுதான் நமக்கு வசதி, தவறாக வைத்தால் நகர்த்தலாம். ஃபெவிபாண்ட், எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசைகள் பலமாக ஒட்டும். ஆனால் இரண்டு பக்கமும் தடவி ஒன்றோடொன்று தொட்ட கணமே பிடித்துக்கொள்ளும், பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்த முடியாது. முதல் தடவை செய்பவர்களுக்கு அது வேண்டாம். கோன் வழவழப்பான பிளாஸ்டிக்காக இருந்தால் மட்டும் வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது. அப்போது கோன் பக்கத்துக்கு ரப்பர் பசை, ஃபிரேம் பக்கத்துக்கு வெள்ளைப் பசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபெவிக்விக் எந்த இடத்திலும் வேண்டாம். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி விறைத்து, ஓடும் ஃபோமை அந்த இடத்திலேயே கிழித்துவிடும்.

இதோடு ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சு, மழுங்கிய கத்தி, புது பிளேடு, சிறு பிரஷ், துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன், பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்று. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். உதிரும் ஃபோம் தூள் மூக்கில் ஏறினால் நமைச்சல் எடுக்கும்.

பழையதை அகற்றுவது

பல ஸ்பீக்கர்களில் ஃபோமின் வெளிவிளிம்புக்கு மேல் அட்டையிலோ ரப்பரிலோ ஒரு வளையம் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் எடுக்க வேண்டும், திரும்பப் போடப் போகிறோம். கத்தியின் முனையை ஒரு இடத்தில் நுழைத்து, கொஞ்சம் ஆல்கஹால் விட்டு, இளகியதும் சுற்றிக்கொண்டே போங்கள். அவசரப்பட்டால் அட்டை பிய்ந்துவிடும்.

ஃபிரேமில் ஒட்டியிருக்கும் பழைய ஃபோமையும் பசையையும் தாராளமாகச் சுரண்டலாம், அது உலோகம். வெறும் உலோகம் தெரியும்வரை எடுங்கள். விரலால் தடவினால் மேடு பள்ளம் தட்டக் கூடாது. கோன் பக்கம்தான் கை நிதானம் வேண்டும். காகிதக் கோனின் விளிம்பைக் கீழிருந்து இரண்டு விரலால் தாங்கிக்கொண்டு, பெரிய துண்டுகளை விரலாலேயே உருட்டி எடுங்கள். மிச்சமிருக்கும் பிசுக்கை ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சால் துடையுங்கள். பஞ்சு சொட்டச் சொட்ட நனையக் கூடாது, காகிதம் ஊறி விளிம்பு அலையலையாகிவிடும். தின்னர், பெட்ரோல் இரண்டையும் கோனுக்கு அருகில் கொண்டுவர வேண்டாம். பழைய பசை மெல்லிய படலமாக உறுதியாக ஒட்டியிருந்தால் அப்படியே விடலாம். உதிரும் ஃபோம்தான் கொஞ்சமும் மிஞ்சக் கூடாது, புது ஃபோம் அதன்மேல் ஒட்டினால் சில வாரத்தில் பிரிந்துவரும்.

இந்தக் கட்டத்தில் ஸ்பைடரையும் பாருங்கள். ஃபிரேமிலிருந்து எங்காவது விட்டிருந்தால் இப்போதே பசை வைத்து அழுத்திவிடுங்கள்.

கோனில் ஒட்டுவது

முதலில் பசை இல்லாமல் ஃபோமை வைத்துப் பாருங்கள். பழைய ஃபோம் கோனின் மேல்பக்கம் ஒட்டியிருந்ததா, கீழ்ப்பக்கமா என்று பார்த்து அதேபோலச் செய்யுங்கள். சுற்றிலும் ஒரே அளவு ஒட்டு அகலம் வருகிறதா என்று கவனியுங்கள். பென்சிலால் நான்கு இடத்தில் குறி போட்டுக்கொண்டால் பசை தடவியபின் தடுமாற வேண்டாம்.

அப்புறம் கோனின் விளிம்பில் பிரஷ்ஷால் மெல்லிய, இடைவெளி இல்லாத ஒரு படலம். ஃபோமின் உள்விளிம்பிலும் அதேபோல். ஒரு நிமிடம் விட்டு, குறிகளைப் பார்த்து ஃபோமை இறக்கி, விரல் நுனியால் சுற்றிச் சுற்றி அழுத்துங்கள். ஒரு இடத்தை மட்டும் ஒரேயடியாக அழுத்திவிட்டு நகராதீர்கள். எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி அழுத்தினால் ஃபோம் இழுபடாது. பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஃபோமின் மேட்டுப் பகுதியில் பசை படவே கூடாது.

வெள்ளையாக இருக்கும் பசை காய்ந்ததும் கண்ணாடி போலத் தெளிந்துவிடும், அதுதான் அடையாளம். ஒரு இரவு முழுக்க விடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் அரை நாள் கூடப் பிடிக்கும். மின்விசிறிக் காற்று போதும், ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்க வேண்டாம். ஃபிரேம் பக்கத்தை இதே நாளில் ஒட்டிவிடலாமே என்று கை பரபரக்கும். ஒட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஈரமாக இருந்தால் அடுத்த படியைச் சரியாகச் செய்ய முடியாது.

நடுநிறுத்தம்: உண்மையான வேலை இதுதான்

காயிலை இடுக்கின் நடுவில் நிறுத்த இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஃபிலிம் துண்டு வைப்பது. கோனின் நடுவிலுள்ள டஸ்ட் கேப் என்கிற மூடியை, ஒட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, புது பிளேடால் வட்டமாக அறுத்து எடுக்க வேண்டும். பிளேடின் முனை மட்டும் உள்ளே போனால் போதும், ஆழமாகப் போனால் காயில் சுற்றிய குழாயைக் கீறிவிடும். மூடியைத் திறந்ததும் நடுவில் இரும்புத் தண்டும், அதைச் சுற்றி மெல்லிய இடைவெளி விட்டு காயில் குழாயும் தெரியும். எக்ஸ்ரே ஃபிலிமை 1 செ.மீ. அகலத்தில் நான்கு துண்டுகளாக வெட்டி, அந்த இடைவெளியில் கிழக்கு மேற்கு வடக்கு தெற்கு என்று எதிரெதிராகச் செருகுங்கள். நான்கும் ஒரே ஃபிலிமிலிருந்து வெட்டியவையாக இருக்க வேண்டும், தடிமன் ஒன்றாக இருந்தால்தான் காயில் நடுவில் நிற்கும். துண்டு தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு துண்டு வையுங்கள். லேசான பிடிப்போடு உள்ளே போக வேண்டும், திணிக்கக் கூடாது. இனி கோனை அசைத்தாலும் பக்கவாட்டில் நகராது. அந்த நிலையில் ஃபோமின் வெளிவிளிம்பை ஃபிரேமில் ஒட்டி, காய்ந்தபின் ஃபிலிமை நேர் மேலாக உருவிவிட வேண்டும். திறந்திருக்கும் வேளையில் இரும்புத்தூள், பிளேடு, ஊசி எதுவும் பக்கத்தில் வேண்டாம். இடுக்கில் ஏற்கெனவே தூசி இருந்தால், மடித்த கெட்டி அட்டையில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி உள்ளே விட்டுச் சுற்றி எடுங்கள்.

இரண்டாவது வழியில் மூடியை அறுக்கவே வேண்டாம். போனில் ஒலி அலை உருவாக்கும் செயலி ஒன்றைப் போட்டு, ஆம்பிளிஃபயர் வழியாக 20 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மிகக் குறைந்த வால்யூமில் வூஃபருக்குக் கொடுக்க வேண்டும். கோன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் மேலும் கீழும் போனால் போதும். அதே நேரம் வெளிவிளிம்பில் பசை ஈரமாக இருக்க வேண்டும். காயில் உரசினால் சரசரப்பு கேட்கும், ஃபோமை அந்தப் பக்கமோ எதிர்ப்பக்கமோ மயிரிழை நகர்த்தினால் சத்தம் நிற்கும். ஆம்பிளிஃபயர் வசதி இல்லையென்றால் விரலாலேயே கோனை மெல்ல அழுத்தி அழுத்திக் கேட்டும் இதைச் செய்யலாம், நேரம்தான் கூடும்.

எது நல்லது? மூடி துணியாகவோ காகிதமாகவோ இருந்து, புது மூடி கிடைக்குமென்றால் ஃபிலிம் வழி. முதல் முயற்சியிலேயே சரியாக வர அதிக வாய்ப்பு அதில்தான். கம்பெனியின் பெயர் பதித்த மூடி, கோனோடு ஒன்றாக வார்த்த மூடி என்றால் அதைக் கெடுக்க மனம் வராது, அப்போது ஒலி வழி. ஒலி வழியில் காதுக்குப் பழக்கம் வேண்டும். அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரவில் வீடு அடங்கியபின் செய்தால் மெல்லிய உரசலும் காதில் விழும்.

எந்த வழியானாலும் பசை வேலை ஒன்றுதான். கோனைக் கொஞ்சம் கீழே தள்ளினால் ஃபோமின் வெளிவிளிம்பு ஃபிரேமிலிருந்து எழும். அந்த இடைவெளியில் பிரஷ்ஷை விட்டு, ஃபிரேமில் சுற்றிலும் பசை தடவுங்கள். ஃபோமை இறக்கி, முதலில் எதிரெதிராக நான்கு இடத்தில் மட்டும் கிளிப் போடுங்கள். கோனை அழுத்திக் கேளுங்கள். சத்தமில்லையென்றால் அடுத்த நான்கு இடம். மறுபடி கேளுங்கள். பிறகு சுற்றிலும். முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருங்கள், பசை இறுகும்போது ஃபோம் கொஞ்சம் இழுக்கும். ஃபோம் மேடு எங்காவது சுருங்கியோ இழுபட்டோ தெரிந்தால் அந்த இடத்துக் கிளிப்பை எடுத்துத் தளர்த்திவிடுங்கள்.

24 மணி நேரம் கழித்துக் கிளிப்புகளை எடுத்து, எடுத்து வைத்த அட்டை வளையத்தைத் திரும்ப ஒட்டுங்கள். ஃபிலிம் வைத்தவர்கள் அதை உருவியதும் ஒருமுறை கோனை அழுத்திக் கேட்டு, உரசல் இல்லையென்று உறுதியானபின் மூடியை ஒட்டுங்கள். மூடிவிட்டபின் உரசல் தெரிந்தால் மறுபடி அறுக்க வேண்டிவரும்.

வேறு சில கோளாறுகள்

பின்னல் ஒயர் அறுந்த ஸ்பீக்கருக்கு வருவோம். இந்த ஒயர் சாதாரணச் செம்பு ஒயர் அல்ல. பருத்தி நூலின்மேல் மெல்லிய செம்பு இழைகளைப் பின்னியது, அதனால்தான் கோன் எத்தனை தடவை ஓடினாலும் வளைந்து கொடுக்கிறது. பெரும்பாலும் முனைக்கு அருகில்தான் அறும். நீளம் மிச்சமிருந்தால் அறுந்த நுனியை வெட்டிவிட்டு அங்கேயே சால்டர் செய்துவிடலாம். 25 வாட் அயர்ன் போதும், இரண்டு மூன்று நொடிக்குமேல் வைக்காதீர்கள். ஈயம் ஒயருக்குள் உறிஞ்சிக்கொண்டு போனால் அந்த நீளம் முழுக்க விறைத்து, சில நாளில் அங்கேயே மறுபடி அறும். நீளம் போதாவிட்டால் இதற்கென்றே விற்கும் ஸ்பீக்கர் ஒயரை வாங்குங்கள், சாதாரண ஒயரைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். கோன் முழுக்க முன்னால் வந்தாலும் ஒயர் இழுபடக் கூடாது, முழுக்க உள்ளே போனாலும் கோனைத் தட்டக் கூடாது. அந்த அளவுக்கு லேசான வளைவு விட்டு ஒட்டுங்கள்.

காகிதக் கோனில் சிறு கிழிசல் என்றால் விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்து, பின்பக்கம் மெல்லிய டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து ஒட்டினால் போதும். செல்லோ டேப் வேண்டாம், அதுவே தனியாகப் படபடக்கும். குழந்தை விரலால் அமுக்கிய மூடியை, டேப்பை ஒட்டி வெளியே இழுத்தால் பல நேரம் நிமிர்ந்துவிடும்.

டுவீட்டரில் (உச்ச ஒலி தரும் சிறு ஸ்பீக்கர்) சத்தமே இல்லையென்றால் முதலில் அதற்கு முன்னால் இருக்கும் கெபாசிட்டரைப் பாருங்கள். பழசாகியிருந்தால் அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், அதே அல்லது கூடுதல் வோல்ட்டில் மாற்றலாம். பிளஸ் மைனஸ் இல்லாத வகையாக இருக்க வேண்டும். டுவீட்டரின் காயிலே அறுந்திருந்தால், மெல்லிய அந்த ஒயரை வீட்டில் சுற்றுவது நடக்காது, டுவீட்டரையே மாற்றிவிடுங்கள். சின்ன ஆம்பிளிஃபயரை முழு வால்யூமில் முறுக்கி வைத்தால் அது வெட்டுப்பட்ட அலையை அனுப்பும், டுவீட்டர்கள் எரிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கோயில் திருவிழாவில் கட்டும் கூம்புக் குழாய்களின் கதை வேறு. அவற்றின் பின்னால் இருக்கும் யூனிட்டுக்குள் டயாப்ரம் எனும் அதிரும் தகடும் காயிலும் ஒன்றாகவே வரும். அதே மாடலுக்கான டயாப்ரம் தனியாகக் கிடைக்கும், திருகைக் கழற்றி மாற்றினால் முடிந்தது. நடுநிறுத்தம் பெரும்பாலும் அதன் அமைப்பிலேயே வந்துவிடும்.

வூஃபரின் காயில் எரிந்திருந்தால் கோன், காயில், ஸ்பைடர் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். நல்ல காந்தமுள்ள பெரிய வூஃபருக்கு அது செலவழிக்கத் தகும், ஆனால் முதல் வேலையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பீக்கர் கோன் மாற்றுவதையே தொழிலாகச் செய்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

மாட்டி, கேட்டு

பெட்டியில் மாட்டும்போது திருகுகளை ஒரேயடியாக இறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், மெல்லிய ஃபிரேம் நெளிந்தால் பட்ட பாடு வீண். பிளஸ் மைனஸ் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும். இரண்டு பெட்டிகளில் ஒன்று மட்டும் மாறிப்போனால் பேஸ் காணாமல் போகும்.

முதலில் மெல்லிய ஒலியில், உங்களுக்கு நன்றாகப் பழகிய பாட்டைப் போடுங்கள். மிருதங்கமோ தவிலோ கேட்கும் பாட்டாக இருந்தால் நல்லது, தொப்பி எனும் இடப்பக்கத்தின் அடி சுத்தமாக விழுகிறதா என்று உடனே தெரிந்துவிடும். புது ஃபோம் சில மணி நேரம் ஓடியபின்தான் இளகும், முதல் நாள் பேஸ் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் அது இயல்பு. அந்த ஒன்றிரண்டு நாள் முழு வால்யூம் வேண்டாம்.

ஒரு பெட்டியின் ஃபோம் போயிருந்தால் அடுத்த பெட்டியின் ஃபோமும் அதே வயதுதான். பார்க்க நன்றாக இருந்தாலும் விரல் நுனியால் லேசாக அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் விரலிலேயே ஒட்டிக்கொண்டு வரும். ஃபோம் வாங்கும்போதே ஜோடியாக வாங்கி, இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அப்போதுதான் இடமும் வலமும் ஒரே மாதிரி ஒலிக்கும்.